வரவுப்பாட்டு இல்லாத அடிகளார்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, முந்நூறு வருடத்துக்கு முன் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த கத்தோலிக்கக் குருவானவர் புனித யோசேப் வாஸ் அடிகளாரைப் பற்றித் தமிழில் ஒரு ஓபரா எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். வழக்கமாக எனக்கு வருவது 'பிள்ளைக்கு எந்த வயதில் வயலின் தொடங்கலாம்', 'ஹார்மோனியத்தில் ஒரு கட்டை மேலே எழும்ப மாட்டேன் என்கிறது' போன்ற கடிதங்கள்தான். இந்த மாதம் இருபத்தாறு கடிதங்கள், எல்லாம் அடிகளாரைப் பற்றி. ஹார்மோனியக்காரர் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

தெஹிவளை வாசகர்: ஓபரா வெள்ளைக்காரனுடைய சங்கதி. பருத்த ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று கத்துவார்கள். அது எங்களுக்கு எதற்கு?

கத்துவார்கள்தான். மைக் இல்லாமல் அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும் என்றால் என்ன செய்வது? எங்கள் கூத்துக்காரர் வெட்டவெளியில் விடிய விடிய அதைத்தானே செய்தார்கள்! கதையைப் பாட்டாலேயே நடத்துவதுதான் ஓபரா. இசை நாடகம் என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தாரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் கண்முன்னே வந்து நிற்கும். நான் செய்வது அது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956 இல் இதே கொழும்பில், லயனல் வென்ட் அரங்கில், நாடகாசிரியர் சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்துக்கு அது புதுப் பாதை போட்டது. அவர் எடுத்தாண்ட 'நாடகம' என்ற வடிவம் எங்கள் கத்தோலிக்கக் கூத்திலிருந்து போனது. எங்கள் அம்மியில் அடுத்த வீட்டார் அரைத்து நல்ல கறி வைத்துவிட்டார்கள். நாங்கள் அம்மியைக் கொல்லையில் கிடக்கவிட்டு கிரைண்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

பேசாலை வாசகர், ஓய்வுபெற்ற அண்ணாவியார்: எங்கள் வாசாப்பில் அரசன் என்றாலும் புனிதர் என்றாலும் வரவுப்பாட்டோடுதான் சபைக்கு வருவார். உங்கள் அடிகளாரின் வரவு என்ன தாளம்?

ஐயா, ஏழு மாதம் என்னை நித்திரை கொள்ளவிடாத கேள்வியை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

கூத்துப் பார்த்துப் பழகாத இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. வாசாப்பு என்பது கத்தோலிக்கக் கூத்து, அண்ணாவியார் கூத்துப் பழக்குபவர். கூத்தில் ஒரு பாத்திரம் மேடைக்கு வந்ததும் தான் யார், எந்த ஊர், என்ன பெருமை என்று பாடி ஆடிய பிறகுதான் கதைக்குள் நுழையலாம். அதுதான் வரவு. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். மோகன ராகத்தில், மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில் போய் நிற்கிற மாதிரி, நல்ல எடுப்பான பாட்டு. வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் அம்மம்மா சில்லாலை. அடிகளார் தங்கியிருந்த ஊர் என்பதால் அங்கே அவருடைய கதையைச் சொந்தக்காரர் கதை போலச் சொல்வார்கள். ஒரு நாள் இரவு அந்தப் பாட்டைத் துப்புரவாகப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தபோது அம்மம்மா சொன்ன விதம் ஞாபகத்துக்கு வந்தது: "மனிசன் பிச்சைக்காரன் வேசத்திலயெல்லோ வந்தது." அவ்வளவுதான். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவர் தூத்துக்குடியில் கப்பலேறி வந்தது 1687 இல். யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருவானவர் அகப்பட்டால் கதை முடிந்தது. கோவாவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், கந்தலைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். கழுத்தில் மட்டும் ஒரு செபமாலை. எந்த வீட்டில் அதைப் பார்த்ததும் முகம் மாறுகிறதோ அந்த வீடு எங்கள் ஆட்களுடையது என்று கண்டுகொள்வதற்கு. இப்படி ஒளித்து வந்த மனிதரை மேடை நடுவில் நிறுத்தி 'வந்தேனே நானே' என்று பாடவைத்தால், ஒல்லாந்தச் சிப்பாய் இரண்டாம் அடி முடிவதற்குள் வந்து பிடித்திருப்பான்.

ஆகவே அடிகளாருக்கு வரவுப்பாட்டு இல்லை. வரவு மட்டும் உண்டு. கட்டியகாரன் (கூத்தில் பாத்திரங்களை அறிவிப்பவன்) வந்து "ஆர் அது?" என்று கேட்பான். மத்தளம் வரவுத் தாளத்தை முழுவதுமாக வாசிக்கும், முடிப்பு அடியான தீர்மானம் உட்பட. குரல் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், செருப்பில்லாத காலடி மட்டும் கேட்கும். மூன்று கதவுகள். முதல் கதவில் ஒரு கை அரிசி விழும், கதவு சாத்தும். இரண்டாவதில் நாய் (கிளாரினெட் வாசிக்கும் பையன் இதற்காகவே என்னை விட்டுப் போகாமல் இருக்கிறான்). மூன்றாவது கதவில் ஒரு பெண் அவருடைய முகத்தைப் பார்க்கிறாள், பிறகு கழுத்தைப் பார்க்கிறாள். மத்தளம் தாளத்தின் நடுவில் நின்றுவிடும். நாடகத்தின் முதல் பாட்டு அவளுடையது.

வந்த புதிதில் அவர் வயிற்றுநோயில் விழுந்து கிடந்ததாகவும், ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கஞ்சிக்காரியைத்தான் மூன்றாவது கதவில் நிறுத்தியிருக்கிறேன். அடிகளார் முதன்முதலாகப் பாடும் சொல் 'தண்ணி'. இரண்டே சுரம். அவருக்குத் தாய்மொழி கொங்கணி. தமிழும் சிங்களமும் பழகிக்கொண்டவர். பழகும் ஒருவர் எடுத்த எடுப்பில் ஒரே அடியை மெருகேற்றி மெருகேற்றிச் சங்கதி போட்டுப் பாடுவாரா? யாழ்ப்பாணக் காட்சியில் அவருக்கு மூன்று சுரம், சில்லாலையில் ஐந்து, கண்டியில்தான் ஏழும். மொழி வர வரப் பாட்டும் வரும்.

அப்படியானால் அவருக்குக் கொடுக்க வேண்டிய வரவு எங்கே என்று கேட்பீர்கள். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் அவர் கண்ணை மூடிய பிறகு, கஞ்சிக்காரியும் கட்டியகாரனும் சனங்களும் சேர்ந்து அந்த வரவை அவருக்காகப் பாடுவார்கள். நான் கிழிக்காமல் வைத்திருந்த அதே மோகனம்தான், ஆனால் 'வந்தேனே' இல்லை, 'வந்தாரே'. செத்தவருக்கு வரவு பாடுவது மரபுக்குக் குற்றமா, ஐயா? இன்னொரு தபால் அட்டை போடுங்கள். உங்கள் பதில் வரும்வரை அந்தக் காட்சியை மூடி வைத்திருக்கிறேன்.

வத்தளை வாசகி: ஒரு புனிதரை மேடையில் பாட்டுப் பாடவைப்பது அவமரியாதை ஆகாதா? பயமில்லையா?

பயமிருக்கிறது. இதில் நான் முதல் ஆளும் இல்லை. மெசியன் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் பக்தியில் ஊறிய கத்தோலிக்கர். அவரிடம் பாரிஸ் ஓபராவுக்கு ஒன்று எழுதித் தரக் கேட்டார்கள். கிறிஸ்துவின் பாடுகளையோ உயிர்ப்பையோ எழுதத் தனக்குத் தகுதியில்லை என்று நினைத்து, கிறிஸ்துவைப் போலவே வாழப் பார்த்த அசிசி பிரான்சிஸ்குவைத் தேர்ந்தார். எட்டு வருடம் போல உழைத்து, பறவைகளின் கூவலையெல்லாம் வாத்தியத்தில் எழுதி, 1983 இல் மேடையேறியது. நான்கு மணித்தியாலத்துக்கு மேல். தயங்கியவர் எழுதியது அது. தயக்கமே இல்லாமல் எழுதப்பட்ட புனிதர் நாடகங்கள் சிலவற்றை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவற்றில் புனிதர் பிளாஸ்டர் சுரூபம் போல வருவார், சுரூபம் போலப் போவார்.

எனக்குத் தெரிந்த ஒரு வயதான சிஸ்டரிடம் ஒவ்வொரு காட்சியையும் வாசித்துக் காட்டுகிறேன். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது அடிகளார் ஓடிப்போகாமல் நோயாளிகளைப் பராமரித்தார். அந்தக் காட்சியில் முதல் குடிசைக்குள் போகுமுன் அவர் வாசலில் நின்று தயங்குவதாக எழுதியிருந்தேன். எட்டு மாத்திரை மௌனம். சிஸ்டர் கோபிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பயப்படட்டும் பிள்ளை. ஆனால் எட்டு கூட, நாலு காணும்" என்றார். நாலாக்கிவிட்டேன்.

நீர்கொழும்பு வாசகர்: சரித்திரத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா?

சேர்க்காமல் நாடகம் நடக்காது. ஆனால் யோசித்துச் சேர்க்க வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் நந்தனாரை ஆட்டிப்படைக்கும் வேதியர் வருகிறாரே, பெரிய புராணத்தில் அப்படி ஒருவர் இல்லை. பாரதியார் உண்டாக்கிய ஆள். இப்போது நந்தனார் கதை என்று யாரைக் கேட்டாலும் வேதியரைத்தான் முதலில் சொல்வார்கள். அவ்வளவு பலமான கற்பனை! அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் குளிர்கிறது. நாளைக்கு யாராவது ஒரு பிள்ளை பரீட்சையில் 'அடிகளாரை நாய் குரைத்தது' என்று எழுதினால் அதற்குப் பொறுப்பு நான்தான்.

கண்டி வாசகி: மழை அற்புதத்தைச் சேர்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊர்க் கதை அதுதான்.

சேர்க்காமல் விட்டால் உங்கள் ஊருக்குள் என்னை விடுவீர்களா? 1692 இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சொல்லிச் சிறை வைத்தார்கள். பிறகு நாட்டில் வறட்சி. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரிடம் மழைக்காகச் செபிக்கச் சொல்ல, அவர் வெளியில் பீடம் வைத்து முழந்தாளில் நின்றார். மழை கொட்டியது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்பது நம்பிக்கை. புறச்சமயத்து அரசன் அவருக்கு இடம் கொடுத்தான், கிறிஸ்தவ ஒல்லாந்தர் விரட்டினார்கள். இதை நான் ஒரு வரியிலும் விளக்கவில்லை. அரசனுக்கு நல்ல தடித்த குரலும் செலோவும் கொடுத்ததோடு சரி.

மழையை முதலில் புத்தகத்தில் உள்ளபடி எழுதினேன்: வயலின்கள் நடுங்க, தாளங்கள் அதிர, மத்தளம் உருள. ஒத்திகையில் கேட்டால் பஸ் கூரையில் ஜல்லி கொட்டியது போல இருந்தது. மூன்று தரம் மாற்றினேன். மூன்று தரமும் ஜல்லிதான், அளவு மட்டும் வேறு.

நாங்கள் ஒத்திகை பார்க்கும் மண்டபம் கொட்டாஞ்சேனையில் தகரக் கூரை. ஒக்டோபர் மாதம், பின்னேரம் மூன்றரை இருக்கும், கொழும்புக்கே உரிய அந்த மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் வாத்தியத்தை இறக்கிவிட்டார்கள். அடிகளாராகப் பாடும் பையன் மட்டும் கண்ணை மூடியிருந்ததால் நிறுத்தவில்லை. உதடு அசைகிறது, குரல் இல்லை. மழை கொஞ்சம் மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு சொல் தெறித்து வந்தது, திரும்ப மூடிக்கொண்டது. அப்புறம் இன்னொரு சொல்.

அந்தக் கிழமையே காட்சியை அப்படித் திருத்தி எழுதிவிட்டேன். சனக்கூட்டமும் வாத்தியமும் மழை. அடிகளார் தன் செபத்தைச் சாதாரணக் குரலிலேயே பாடுவார், மழையை வெல்லப் பார்க்கமாட்டார். மழை ஆறு இடத்தில் இடைவெளி விடும். அந்த ஆறு இடத்தில் விழும் சொற்கள் மட்டும் சபைக்குக் கேட்கும். 'இவர்களுக்கு' மூன்று தரம் வரும், 'எனக்கு' ஒரு தரமும் வராது. அவர் நனையாமல் நின்றதை இசையில் எப்படிக் காட்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை. இப்போதைக்கு லைட்காரரிடம் விட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணம், இசைத்துறை மாணவர்: மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொல் உட்காருமா?

நல்ல கேள்வி தம்பி. உட்காரும், ஆனால் நாற்காலியை நாங்கள்தான் அறுக்க வேண்டும். தமிழில் குறில் நெடில் மாறினால் பொருளே மாறிவிடும். சிறைக் காட்சியில் சனங்கள் 'விடு, விடு, அவரை விடு' என்று கேட்க வேண்டும். இத்தாலிய வழக்கப்படி உணர்ச்சி உச்சத்தில் முதல் அசையை மேலே தூக்கி இழுத்தேன். பதினாலு பேர் சேர்ந்து பாடினால், 'வீடு, வீடு, அவரை வீடு'. வெள்ளவத்தை வீட்டுத் தரகர்களின் வருடாந்தக் கூட்டம் மாதிரி இருந்தது. சிரித்து முடிய ஐந்து நிமிடம் போனது.

வழி இலக்கணத்திலேயே இருக்கிறது. 'விடு'வில் வரும் உகரம் தனிக்குறிலுக்குப் பின்னால் வருவதால் முற்றியலுகரம், முழு ஒலி உள்ளது. 'வீடு'வில் வருவது குற்றியலுகரம், அரை ஒலியில் தேய்வது. ஆகவே 'வி'யைக் குத்திவிட்டு 'டு'வில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், சொல் கெடாது. கூவி அழைக்கும்போது எங்கள் சனங்கள் செய்வதும் அதுதான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த குற்றியலுகரம் ஐம்பத்தெட்டு வயதில் சோறு போடும் என்று யார் கண்டது!

இன்னொன்று. மேல்நாட்டுக் குரல் ஆசிரியர்கள் உயிரில் நில், மெய்யைச் சட்டென்று முடி என்பார்கள். 'மண்' என்ற சொல்லில் அகரத்தில் நின்றால் அது 'மாண்' ஆகிவிடும். நான் 'ண்'ணில் நிற்கச் சொல்கிறேன். ண், ம், ல் போன்ற மெய்களில் சுரம் நன்றாகத் தங்கும், மண்டபம் முழுவதும் வண்டு ரீங்காரம் போலப் பரவும். கஞ்சிக்காரியின் பாட்டு முடிவதே அப்படி ஒரு ம்-இல்தான்.

கூட்டப் பாடகரில் ஐந்து பேர் சிங்களப் பிள்ளைகள். தமிழ் வரிகளைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். தமிழில் ஒரு 'க'தான். அவர்களுக்கோ ஒலிக்கு ஒரு எழுத்து. "இது எந்தக் க, மிஸ்?" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்டுக் கேட்டு, என் தாய்மொழியை நான் திரும்பப் படித்தேன். ழகரம் இன்னும் வேடிக்கை. தொடக்கத்தில் 'மலை வருகுது' என்று பாடினார்கள். நாங்கள் மட்டும் ஒழுங்கா? யாழ்ப்பாணத்து நாக்கில் அது 'மளை'தானே. அந்தப் பிள்ளைகள் முக்கி முனகி ழகரத்தைப் பிடித்துவிட்டார்கள். இப்போது அவர்கள்தான் எங்களைத் திருத்துகிறார்கள்.

மட்டக்களப்பு வாசகர்: நீங்கள் வேதமா, சைவமா? ஏன் இவரைத் தேர்ந்தீர்கள்?

அம்மா வேதம், அதாவது கத்தோலிக்கம், அப்பா சைவம். எங்கள் வீட்டில் நத்தாரும் பொங்கலும் ஒரே பானையில். 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்தபோது அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அதே திடலில்தான் 1995 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார், அதற்கும் அம்மா போனவர். அவ்வளவு சனத்துக்கு நடுவில், கடல் இரைச்சலில், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு செபமாலை உருட்டினார். அது மட்டும்தான் எனக்குக் கேட்டது. மற்றதெல்லாம் பிறகு வந்தது.

ஹற்றன் வாசகர்: செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?

டியூஷன் காசுதான். ஒரு கம்பனிக்காரர் அனுசரணை தருவதாகச் சொன்னார். மழைக் காட்சிக்குப் பெரிய எல்.ஈ.டி. திரையில் மழை ஓடவேண்டும், மழைக்கு மேலே அவர்களுடைய பெயர் மின்ன வேண்டும் என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பம்பலப்பிட்டி வாசகர்: நானும் பாட வரலாமா? எனக்கு சுரம் வாசிக்கத் தெரியாது.

வாருங்கள். பதினாலு பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. எங்களுக்குத் தடித்த ஆண் குரல் இரண்டு அவசரமாகத் தேவை, அரசனுக்குப் பின்னால் நிற்க. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. இடத்தை இதழின் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள், அனுப்பிவைப்பார்கள். மண்டபத்தின் விசிறிகள் வயலினை விடச் சத்தம் என்பதால் நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிப்போம், ஒரு துவாய் கொண்டுவாருங்கள். மழை பிடித்துக்கொண்டால் ஒத்திகை நிற்கும், பிளேன்டீ வரும்.